மூன்றாம் பாகத்தில் இருந்த வெள்ளைத் தூள்

என் வயதுக்காரிகளே, ஞாயிற்றுக்கிழமைப் பீலியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலையிலிருந்து இறங்கும் ஊற்றைத் தகரக் குழாயில் பிடித்து, நம் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கொட்டவிட்டிருப்பார்களே, அந்தத் தண்ணீரைச் சொல்கிறேன். ஆறு நாள் கொழுந்து பறித்த பெண்கள் ஏழாம் நாள் அங்கேதான் துணி துவைத்தார்கள், தலை முழுகினார்கள், பேன் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. கொலைக் கதை கேட்டார்கள். படித்துக் காட்டியவள் நான்.

எனக்கு இன்னும் இருபத்தைந்து நிறையவில்லை. பழைய கதை பேசும் வயதா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நம்மோடு இருந்த சாமான்கள் நமக்கு முன்னாலேயே போய்விட்டன. போன வாரம் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். சாக்கு நூலில் தைத்த நாவல் பாகங்கள். பிள்ளைக்காம்பரா அலுமாரியின் பித்தளைச் சாவி. சித்தப்பா தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்து வந்த ஈயத்தாள், அதில்தான் புத்தகத்தை மழைக்கு நனையாமல் சுற்றுவோம். சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களை நான் எழுதி வைத்த நாற்பது பக்கக் கொப்பி. நான்கில் ஒன்றுகூட இன்று கையில் இல்லை.

நான் இப்போது ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, காயவிட்டு, உருப்பெருக்கியில் பார்த்து, பார்த்ததை எழுதுகிறேன். சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தரும் விதி. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பதினோரு வயதில் அதை மீறி ஒருத்தியின் வேலையையும் வீட்டையும் பறிகொடுக்கச் செய்யப் பார்த்தவள் நான்.

சித்தப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உருட்டு இயந்திரத்தில் நின்றார். வீட்டுக்குள் அவர் வந்தால் முதலில் வாசனைதான் வரும், பாதி வாடிய கொழுந்தின் புளிப்பு வாசனை. சம்பளத்துக்கு மறு ஞாயிறு ஹட்டனுக்குப் போய் மூன்று சாமான் வாங்கி வருவார்: காலைச் சாப்பாட்டுக்குப் பாண், புகையிலை, ஒரு துப்பறியும் நாவல். நாவல்கள் இந்தியாவிலிருந்து மாதம் ஒரு முறை கட்டாக வந்தன. மலிவுத் தாள், கையில் ஒட்டும் மை. அட்டையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள், பின்னால் தொப்பிக்காரன் ஒருவனின் நிழல். அட்டையின் இரத்தச் சிவப்பு, ஈரக் கை பட்டால் நம் விரலுக்கு வந்துவிடும். சித்தப்பாவுக்கு எழுத்துக் கூட்ட மட்டுமே தெரியும். "நான் படிச்சா பொணம் அழுகிப் போயிரும்" என்பார். ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் சரளமாக வாசிப்பேன். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் புத்தகத்தை நான் ஒரே நாளில் முன்கூட்டியே படித்து முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அத்தியாயம் நடந்துகொண்டிருக்கும்போது, லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த அத்தை சவுக்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப யாருதான்டி கொன்னது?"

என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எல்லோரும் எழுந்து துணி பிழியப் போய்விட்டார்கள்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கொன்னவன விட நீதான்டி பெரிய கொலகாரி!"

அடுத்த மாதப் புத்தகத்தை அவர் என் கையில் கொடுக்கவில்லை. வெட்டுக்கத்தியால் முதுகைப் பிரித்து, நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கோணி ஊசியால் சாக்கு நூல் போட்டுத் தைத்தார். ஞாயிறுக்கு ஒரு பாகம். மற்றவை பூட்டுக்குள். "படிக்கிறவளுக்கும் கேக்கிறவங்களுக்கும் ஒரே நேரத்துலதான் தெரியணும்" என்பது சட்டம். ஆறு பேர் படுக்கும் ஒற்றைக் காம்பராவில் பூட்டு ஏது? பூட்டு உள்ள அலுமாரி ஒன்றுதான் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளைக்காம்பராவில்.

தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் அக்கா என்போம். வேதக்காரப் பெண். இருபது வயதிருக்கும். தாய் தகப்பன் இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்பக்கம் ஒட்டியிருந்த சிறிய அறைதான் அவளுக்கு வீடு. அந்த வேலை இருக்கும்வரை அந்த அறை. அலுமாரியில் பிள்ளைகளுக்கான பால்மா டின்களும் சீனியும் இருக்கும். சாவியைச் செபமாலையோடு கழுத்தில் போட்டிருப்பாள். எங்கள் பாகங்களை ஈயத்தாளில் சுற்றி மேல்தட்டில் வைத்தாள். ஞாயிறு பூசை இல்லாத வாரங்களில் அவளும் பிள்ளைகளின் துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு பீலிக்கு வந்து கதை கேட்பாள்.

ஏழெட்டு மாதம் இப்படி நடந்தது. என் வலப்பக்கம் எப்போதும் அம்மா உட்கார்ந்திருப்பாள். வாத்தியார் பழக்கியபடி நான் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டிப் படிப்பேன். அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்து, சனிக்கிழமைகளில் நகத்தைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தேன். அம்மா கைநாட்டு. சம்பள நாளில் பெருவிரலை நீட்டுவாள். அந்த விரலில் மை வைத்தாலும் வைக்காவிட்டாலும் வித்தியாசம் தெரியாது, கொழுந்துக் கறை அவ்வளவு கறுப்பு. கொழுந்து கிள்ளும் எல்லாப் பெண்களுக்கும் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அந்தக் கறை உண்டு. சவுக்காரத்துக்குப் போகாது. படம் பார்க்கப் பாகம் கைமாறும்போதெல்லாம் ஓரங்களில் பழுப்பு விரல் அடையாளங்கள் விழும்.

நான் சொல்லவந்த புத்தகத்தின் பெயர் எனக்குத் தெரியாது. சித்தப்பா தைக்கும்போதே அட்டை கிழிந்துபோயிற்று. சென்னையில் ஒரு பணக்காரர், உள்பக்கம் தாழ்போட்ட அறையில் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் குடிக்காத பால். சந்தேகத்துக்கு நான்கு பேர்: வக்கீல், டாக்டர், அக்காள் மகன், மருந்து கொண்டுவரும் கம்பவுண்டர்.

"வக்கீலுதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள் கடைசிக் காம்பரா அத்தை.

"அவன் மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இவ படிக்கிறப்ப எனக்குத் தெரியுமுல்ல. மீசைய முறுக்குறான்."

புத்தகத்தில் மீசை பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் அத்தை சொன்னபிறகு எனக்கும் அந்த வக்கீலுக்கு மீசை முளைத்துவிட்டது. கொப்பியில் வக்கீல் பெயருக்கு நேரே நட்சத்திரம் போட்டேன்.

இரண்டாம் பாகம் முடிந்த வாரம், வியாழக்கிழமை, தம்பி பிறந்தான். அம்மா அதற்கு முன்பே மூன்று வாரமாக மலைக்குப் போகவில்லை. பிறந்தபின் பதினாறு நாள் தீட்டு. அது கழியும்வரை பொதுப் பீலிப் பக்கம் வரக்கூடாது. ஆகவே மூன்றாம் பாகம் அம்மா இல்லாமல் படிக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் "என்னா ஆச்சு?" என்று கேட்டாள். "டாக்டர் பொய் சொல்றாரு, மிச்சம் அப்புறம்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினேன். அந்த ஓட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் ஞாயிறு. பாகம் வாங்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அக்கா அலுமாரியைத் திறந்தாள். மூன்றாம் பாகம் இருந்தது. நான்காம் பாகம் இல்லை.

"எங்கயோ மாத்தி வச்சிட்டேன் பாப்பா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அடுத்த ஞாயித்துக்கிழம படிச்சுக்கலாம்."

பூட்டிய அலுமாரி. ஒரே சாவி. காணாமற்போன பாகம். ஏழெட்டு மாதமாகக் காகிதத்தில் நடந்தது கடைசியில் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டது.

மூன்றாம் பாகத்தை வாங்கிக்கொண்டு போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆராய்ந்தேன். முதல் பக்கத்தில், படம் இருந்த இடத்தில், வழக்கமான பழுப்பு விரல்கள். உள்ளே மூலைகள் மடிக்கப்பட்டிருந்தன, இரண்டு தாளுக்கு ஒன்று. போன ஞாயிறு நான் மடிக்கவில்லை. ஆகவே பிறகு யாரோ படித்திருக்கிறார்கள். மடித்த மூலைகளில் கறை இல்லை. ஆகவே கொழுந்து பறிப்பவள் இல்லை. நடுத்தாளில், தையல் ஓரத்தில், ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அலுமாரியில் என்ன இருக்கிறது? பால்மா.

கொப்பியில் லயத்துப் பெரியவர்களின் பெயர்களை எழுதி, அக்காவுடையதைத் தவிர மற்றதை அடித்துவிட்டு, காரணங்களை எழுதினேன். ஒன்று, சாவி. இரண்டு, கறையில்லாத விரல். மூன்று, பால்மா. அடியில் இரண்டு கோடு போட்டேன்.

எல்லா நாவல்களிலும் கடைசியில் துப்பறிபவர் அனைவரையும் கூடத்தில் கூட்டி வைத்துத்தான் பெயரைச் சொல்வார். எனக்குக் கூடம் இல்லை. பீலி இருந்தது. துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றேன்.

"யாரும் இந்த எடத்த விட்டுப் போகக்கூடாது!"

"யாருடி போறா? துணி இன்னும் பாதி கெடக்கு" என்றாள் அத்தை.

சொன்னேன். காரணங்களை ஒவ்வொன்றாக, குரலை ஏற்றி இறக்கி, கடைசிவரை பெயரை வைத்துக்கொண்டு. அழகாகத்தான் சொன்னேன், அதை மறுக்கமாட்டேன். பெண்கள் கையில் சவுக்காரம் காய்வது தெரியாமல் கேட்டார்கள். கடைசியில் விரலை நீட்டினேன். அக்கா ஒரு சின்னச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்து, உதறி, வாளியில் போட்டாள்.

"முடிஞ்சுதா பாப்பா?"

"ஆமா."

வாளியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். வந்தது வேறு. ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "பால்மா கையோட படிச்சான்னா, நம்ம புள்ளைங்களுக்கு உள்ளத அவ தின்னுக்கிட்டே படிச்சிருக்கா." அடுத்தவள், "அதான் எம் புள்ள எளைச்சுப் போயிருக்கு" என்றாள். "வேலையில வச்சிருக்கலாமா இவள?" என்றாள் இன்னொருத்தி. நான் சொன்னது நாவலின் பாகத்தைப் பற்றி. அவர்கள் எடுத்துக்கொண்டது பாலை. அதற்குள் கல்லிலிருந்து இறங்கிவிட்டேன். திரும்ப ஏறத் தோன்றவில்லை.

வீட்டில் அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் இல்லை.

"அம்மா, கண்டுபுடிச்சிட்டேன்!"

"என்னாத்த?"

எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொன்னேன். அம்மாவின் கை தொட்டில் கயிற்றில் நின்றுவிட்டது.

"அந்தப் புள்ள என்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் சாட்சி."

அம்மா தொட்டில் துணியின் அடியில் கையை விட்டாள். ஈயத்தாள் சரசரத்தது. நான்காம் பாகத்தை என் மடியில் வைத்தாள்.

"கம்பவுண்டர்தான் கொன்னது" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். முடிவைச் சொல்லிவிட்டாளே! நான் வக்கீலுக்கு நட்சத்திரம் போட்டிருந்தேன்.

"ஒனக்கு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. படிச்சேன்."

அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் நான் கேட்டதில்லை. பிறகு அவள் சொன்னவற்றைத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டேன். ஏழெட்டு மாதமாக என் விரல் ஓடிய வரிகளை அவள் கண் தொடர்ந்திருக்கிறது. அவள் முதலில் அடையாளம் கண்ட சொல் "கொலை." அடுத்தது "டாக்டர்." எல்லாப் பாகத்திலும் அவை வந்துகொண்டே இருந்தன அல்லவா. "அம்மா" என்ற சொல்லை அதற்கெல்லாம் பிறகுதான் கண்டுபிடித்தாளாம். பிரசவத்துக்குப்பின், எல்லோரும் மலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு, அந்த லயத்தில் வாழ்க்கையில் முதல் முறையாகப் பகலில் தனியாக இருந்தாள். குழந்தை பார்க்க வந்த அக்காவிடம் மூன்றாம் பாகத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். பிறகு நான்காம் பாகம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா திரும்ப வாங்க வந்தபோது அப்பா வீட்டில் இருந்ததால் கொடுக்க முடியவில்லை.

"ஏம்மா ஒளிச்ச?"

"தெரியும்னு சொன்னா படின்னுவாங்க. தப்பா படிச்சா சிரிப்பாங்க. நல்லா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

இரண்டு தாளுக்கு ஒரு மடிப்பு. எட்டாம் வகுப்புப் படித்த அக்காவுக்கு அந்தப் பாகம் அரைமணி நேர வேலை. அவள் எதற்கு மூலை மடிக்கவேண்டும்? களைத்துக் களைத்து நிற்பவள்தான் நின்ற இடத்தை மடிப்பாள். ஐந்து வாரம் மலைக்குப் போகாத விரலில் கறை வெளுத்துப்போயிருந்தது, நான் தினமும் அந்தக் கையால்தான் சோறு வாங்கித் தின்றேன். என் பட்டியலில் லயத்தின் அத்தனை பெரியவர்களும் இருந்தார்கள். அம்மா இல்லை. படிக்கத் தெரியாதவளை எதற்கு எழுதுவது என்று விட்டிருந்தேன்.

"போயி சொல்லு, எங்கம்மாதான் எடுத்ததுன்னு" என்றாள் அம்மா.

போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"ஒங்காத்தாளா? கைநாட்டு வக்கிறவளா?" கடைசிக் காம்பரா அத்தை இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நல்ல மனசுடி ஒங்காத்தாளுக்கு. அந்தப் புள்ளயக் காப்பாத்தப் பாக்குறா."

அப்பாவிடம் அம்மாவே சொன்னாள். "பச்ச ஒடம்புக்காரி, என்னமோ ஒளர்ற. படு" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வருடம் ஒரே காம்பராவில் வாழ்ந்தவளைத் தெரியும் என்று நினைத்தார், நான் நினைத்த மாதிரியே.

திங்கட்கிழமை இரண்டு தாய்மார் பிள்ளைகளை அக்காவிடம் விடவில்லை. செவ்வாய்க்கிழமை பேச்சு கணக்கப்பிள்ளையின் காதுக்குப் போனது. மலையில் வேலை வாங்கும் அவர் நேரே பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, அலுமாரிச் சாவியைக் கழற்றித் தரச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்து விசாரிப்பார்கள், அதுவரைக்கும் சாவி தன்னிடம் இருக்கட்டும், அறையில் உள்ள சாமான்களைக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது என்றார். பள்ளி விட்டு வந்த நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். அக்கா செபமாலையைக் கழுத்திலிருந்து எடுத்து, அதிலிருந்து சாவியை அவிழ்க்க முயன்றாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அப்போதும் அம்மாவின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, அக்காவுக்கு வேல போவப் போவுது. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நீ சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அம்மா தம்பியின் நெற்றியைத் தடவினாள். "சொன்னாத்தான நம்ப மாட்டாங்க" என்றாள். "வெள்ளிக்கிழம தீட்டுக் கழியுது. ஞாயித்துக்கிழம நான் பீலிக்கு வாறேன். சித்தப்பாகிட்ட சொல்லி, கணக்கப்பிள்ளையையும் வரச் சொல்லு."

மூன்று நாள், எல்லோரும் போனபின் அவள் அந்த நான்காம் பாகத்தை உரத்துப் படித்துப் பழகினாள் என்று தம்பிதான் சாட்சி சொல்லவேண்டும். கேட்டவன் அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி இறங்கி, பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அக்காவும் வந்திருந்தாள், எல்லோரையும் விட்டுத் தள்ளி, கடைசிக் கல்லில். மேலே ரோட்டில் சித்தப்பா கணக்கப்பிள்ளையோடு நின்றார். அம்மா தம்பியை என் மடியில் கொடுத்துவிட்டு, நான் வழக்கமாக உட்காரும் கல்லில் உட்கார்ந்தாள். ஈயத்தாளைப் பிரித்தாள். வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

படித்தாள். ஒவ்வொரு சொல்லாக, கொழுந்து கிள்ளுகிற மாதிரி. முதல் பக்கம் முடிவதற்குள் ஒரு பானை சோறு வெந்திருக்கும். "து... துப்... துப்பாக்கி" என்று அவள் திணறியபோது ஒருத்தி சிரிக்க வாயெடுத்தாள். கடைசிக் காம்பரா அத்தை அவள் தொடையில் கிள்ளினாள். "சும்மா இருடி. அவ படிக்கிறா." அத்தையின் கண் பெரிதாகியிருந்தது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு நீளமான சொல் வந்தது. அம்மா நின்றாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றாள். என்னால் எடுத்துக்கொடுத்திருக்க முடியும், ஆனால் மடியில் தம்பி, புத்தகம் என் கண்ணுக்கு எட்டவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வாக்குமூலம்."

அக்காதான். அவள் பார்க்காமலே சொன்னாள். அந்த இடம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா தலையாட்டிவிட்டு, "வாக்குமூலம்" என்று படித்து, மேலே போனாள்.

யாரும் எழுந்து போகவில்லை. துணி துவைக்கப்படவில்லை. கம்பவுண்டர் என்று வந்தபோது ஒரு கூச்சல் எழுந்தது. "வக்கீல் இல்லையா!" என்று அத்தை தன் மீசைக்காரனுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டாள். மேலே சித்தப்பா கையைத் தட்டினார். "அண்ணி!" என்று கூப்பிட்டார்.

கணக்கப்பிள்ளை இருமினார். "படிச்சது சரி. பால்மா சங்கதி?"

அது என் வேலை. மூன்றாம் பாகம் என் கொப்பிக்குள் இருந்தது. நடுத்தாளைத் திறந்து, வெள்ளைத் தூளைத் துவைக்கும் கல்லின் காய்ந்த ஓரத்தில் தட்டினேன். "அத்தை, ஒங்க வீட்டுல பால்மா இருக்கா?" அவளுடைய சளிப்பிடித்த கடைக்குட்டிக்காக அக்கா கடதாசியில் மடித்துக் கொடுத்தது இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். அதில் ஒரு சிட்டிகையை அந்தத் தூளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. பீலியில் விரலை நனைத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன்.

ஒன்று வெள்ளையாகக் குழைந்து விரலில் ஒட்டியது. மற்றது சாம்பல் நிறமாகி ஊறிப்போயிற்று.

"திருநீறு" என்றாள் அம்மா. "தம்பி நெத்தியில வச்ச கையோட படிச்சேன்."

செபமாலை போட்டவளின் அலுமாரிக்குள் திருநீறு எப்படி வரும் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. போன ஞாயிறும் இதே கல்லில்தான் நின்றேன். இதே தண்ணீர் என் முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு போதுமாயிருந்தது.

கணக்கப்பிள்ளை சாவியைக் கீழே வந்து கொடுக்கவில்லை. சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதை வாங்கிச் செபமாலையில் கட்டினாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன். சொல்லவேண்டியதை வாரம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

"என்னா துப்பறியும் அம்மா," என்றாள், "இன்னைக்கு யாரப் புடிக்கப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் மாதம் ஒரு நாவல் வந்தது. ஒரு ஞாயிறு நான் படிப்பேன், ஒரு ஞாயிறு அம்மா. ஆனால் அலுமாரியிலிருந்து எடுக்கும் பாகங்களை அக்கா அம்மாவின் கையில் மட்டும்தான் கொடுத்தாள். நான் போய்க் கேட்டால், "அம்மாவ வரச் சொல்லு" என்பாள். ஏழு வருடம். கோபமாகச் சொன்னதில்லை. மாற்றிக்கொண்டதும் இல்லை. அது நியாயம் என்று எனக்குத் தெரிந்ததால் நானும் அம்மாவை அனுப்பினேன்.

படிப்பை முடித்துப் பயிற்சிக்காக நான் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட காலையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா பிள்ளைக்காம்பராவை அத்தையிடம் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கடைசியில் ஓடி வந்தாள். ஈயத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தாள். உள்ளே சாக்கு நூலில் தைத்த புதுப் பாகங்கள். எண்ணிப் பார்த்தேன். மூன்று.

"நாலாவது?"

அக்கா முந்தானைக்குள்ளிருந்து அதை எடுத்து, என்னைத் தாண்டி, அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"மிச்சத்த லீவுக்கு வந்து கேட்டுக்க பாப்பா" என்றாள். இந்த முறை சிரித்தாள்.

நோர்வூட் தாண்டுவதற்குள் முதல் பாகம் முடிந்தது. டிக்கோயாவில் இரண்டாவது. ஹட்டனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது மூன்றாவதையும் முடித்துவிட்டு, புதுக் கொப்பியைத் திறந்து பட்டியல் போட்டேன். ஐந்து பெயர். ஐந்து பெயருக்கும் அடியில், நான் நினைத்துப்பார்க்காத யாருக்காகவோ ஒரு வரியைக் காலியாக விட்டு, கொப்பியை மூடினேன்.